எட்டுப் பொருத்தக்காரன்

நான் ஆதரிக்கும் அணி வெல்வதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒஸ்லோத் தமிழர்கள் ஆளுக்கொரு இங்கிலாந்து அணியைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டும்போது, நான் மட்டும் போயும் போயும் அமெரிக்க உதைபந்தாட்டத்தைத் தெரிவு செய்தேன். பெயரில்தான் உதை, விளையாட்டு கையால். தலைக்கவசம் போட்ட தடியன்கள் முட்டுப்பட்டு விழுவார்கள். அதிலும் கடைசி இடத்தில் நிற்கும் அணியைப் பார்த்துப் பொறுக்கியெடுத்தேன். ரோட்டில் போன சனியனைக் கூப்பிட்டு வீட்டுக்குள் இருத்திய கதைதான்.

காரணம் மகள். ஒரு வருடம் அமெரிக்காவில் படிக்கப் போனவள் அந்த அணியின் சட்டையோடு திரும்பி வந்தாள். அதற்கு முன் என்னோடு அவள் கதைத்ததெல்லாம் ‘ஓம்’, ‘இல்லை’, ‘சாப்பிட்டனான்’. பேருந்து ஓட்டிவிட்டு வரும் தகப்பனிடம் கேட்க அவளுக்கு ஒன்றுமில்லை, அவளிடம் சொல்ல எனக்கும் ஒன்றுமில்லை. இப்போது நகரத்தின் மற்றப் பக்கத்தில் தனியாக இருக்கிறாள், ஆஸ்பத்திரியில் வேலை. ஆனால் ஞாயிறு மாலை ஆட்டம் தொடங்க முன்னம் எங்கள் ஹொல்ம்லியா ரயிலடியில் வந்து இறங்கிவிடுவாள். சோபாவில் என் பக்கத்தில் இருந்து பயிற்சியாளரைத் திட்டுவாள். நானும் சேர்ந்து திட்டுவேன். எனக்கு வாரத்தில் அதுதான் திருவிழா.

அதற்கு ஒரேயொரு நிபந்தனை இருந்தது. இருபத்தேழு வயதாகிவிட்டதே என்று மனைவி ஒருமுறை வாயெடுத்தபோது சொல்லிவிட்டாள்: “கலியாணக் கதை எடுத்தா நான் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டன். ஒருத்தரும் எனக்குச் சாதகம் தூக்கக்கூடாது.” மனைவி முகத்தை நீட்டிக்கொண்டு குசினிக்குள் போனாள். நான் யோசிக்காமல் மகளின் பக்கம் சாய்ந்தேன். எனக்கு என் ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

இந்தப் பருவத்தில் எங்களுக்குள் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. குவாட்டர்பேக் என்பவன்தான் அணியின் மூளை. பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று கண்மூடித் திறப்பதற்குள் முடிவெடுக்க வேண்டியவன். எங்களுடைய குவாட்டர்பேக்குக்கு வயது போய்விட்டது, முழங்காலும் போய்விட்டது. அடுத்தது யார்? ஆட்டம் கிடைக்காமல் ஓரத்து வாங்கில் குந்தியிருக்கும் இரண்டாவது ஆட்டக்காரனை விட்டுப் பார்க்கலாம் என்பது என் கட்சி. மகளோ பல்கலைக்கழக அணி ஒன்றில் விளையாடும் ஒரு பொடியனில் கண் வைத்திருந்தாள். கடைசியாக வரும் அணிக்குத்தான் அடுத்த வருடம் அந்தப் புதியவர்களில் முதல் ஆளை எடுக்கும் உரிமை. ஆகவே மிச்ச ஆட்டங்களையும் தோற்றுவிட வேண்டும் என்றாள்.

“தோக்கிறதுக்கெண்டு ஆரும் விளையாடுவினமோ?” என்றேன்.

“நாங்கள் சும்மாவே தோக்கிறம் அப்பா. பலனோடை தோத்தா என்ன?”

அந்தக் கிழமை முழுக்கப் பேருந்தை ஓட்டிக்கொண்டு பதில் தேடினேன். ஒரு தரிப்பிடத்தில் நிற்காமல் போய் ஒரு நோர்வேக் கிழவியிடம் ஏச்சும் வாங்கினேன். வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை முடிந்தபோது மூளையில் பளிச்சென்று வெளித்தது. எறிகிறவனுக்கும் ஓடிப்போய்ப் பிடிக்கிறவனுக்கும் பொருத்தம் வேண்டும் என்று தொலைக்காட்சியில் வர்ணனை சொல்பவர்கள் ஓயாமல் சொல்கிறார்களே. பொருத்தம் பார்க்க எங்களிடம் ஆள் இல்லையா? எங்கள் அணியில் பந்து பிடிப்பவன் ஒருவன்தான் உருப்படியானவன். அவனுடைய பிறந்த திகதியையும் என் வாங்குக்காரன், மகளின் பல்கலைக்கழகப் பொடியன் என்ற இரண்டு குவாட்டர்பேக்மாரின் திகதிகளையும் போனில் தேடியெடுத்துக்கொண்டு ஐயரின் முன்னால் போய் நின்றேன். இந்த வயதில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு புத்தி வரக்கூடாது.

ஐயர் போனிலேயே பஞ்சாங்கம் வைத்திருக்கிறார். “பொடியள் எங்கை பிறந்தவை?” என்று கேட்டார்.

“அமெரிக்கா, ஐயா. ரெண்டு பேரும்.”

“பொம்பிளைப் பிள்ளை?”

பந்து விளையாட்டுக்காரன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. “அதுவும் அங்கைதான்,” என்றேன்.

“நேரம் தெரியாட்டி லக்கினம் பாக்கேலாது. அந்த ஊரிலை சூரியன் எப்ப உதிச்சது எண்டதிலையிருந்துதான் எல்லாக் கணக்கும் வரும். சரி, நட்சத்திரத்தை வைச்சுப் பாப்பம்.” கொஞ்ச நேரம் தட்டினார். “முதல் பொடியனுக்குப் பத்திலை எட்டு. தாராளமாச் செய்யலாம். மற்றவருக்கு ரச்சுப் பொருத்தம் இல்லை, விடுங்கோ.”

முதல் பொடியன் என்னுடைய வாங்குக்காரன். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பின்னால் அர்ச்சனைத் தட்டோடு எங்கள் கட்டடத்துக் கீழ் வீட்டு அக்கா நின்றார். “நல்ல விசயந்தானே அண்ணை?” என்றார்.

“ஓம் அக்கா, எட்டுப் பொருத்தம்,” என்றேன், வாயெல்லாம் பல்லாக.

அடுத்த நாள் மத்தியானத்துக்குள் மனைவிக்கு வாழ்த்துச் சொல்லித் தொலைபேசி மேல் தொலைபேசி. “அமெரிக்காவிலை ரெண்டு மாப்பிள்ளையாம். எனக்குத் தெரியாமல் ஆருக்குப் பாத்தனீங்கள்?” என்று வந்து நின்றாள். உள்ளதைச் சொன்னேன். “உங்களுக்கும் எனக்கும் பொருத்தம் பாத்த மனுசன் இப்ப எங்கை இருக்கிறார் எண்டு விசாரிக்க வேணும்,” என்றாள்.

சிரிக்க நேரமில்லை. மகளிடமிருந்து செய்தி வந்துவிட்டது: ‘நாளைக்கு நான் வரேல்லை. ஏனெண்டு உங்களுக்குத் தெரியும்.’ போன் எடுத்தேன், அவள் எடுக்கவில்லை. எழுதினேன், பார்க்கவில்லை. ‘ஓம்’, ‘இல்லை’, ‘சாப்பிட்டனான்’ காலத்துக்கே திரும்பிப் போகப்போகிறேன் என்று பயந்தேன். அதுவும் ஒரு தடியனின் நட்சத்திரத்துக்காக.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவளுக்குப் பிடித்த கணவாய்க் கறி ஆறிக்கொண்டிருந்தது. பழையவனின் முழங்கால் கடைசியில் கையை விரித்துவிட்டதால், என் வாங்குக்காரனையே இறக்கினார்கள். வேறொரு நாளென்றால் துள்ளியிருப்பேன். முதல் எறியையே எதிரணிக்காரனின் நெஞ்சில் கொண்டுபோய்ச் சேர்த்தான். அடுத்ததையும் அவர்களிடமே கொடுத்தான். பக்கத்தில் ஆளில்லாமல் திட்டவும் மனம் வரவில்லை.

இடைவேளை முடிந்து ஆட்டம் திரும்பத் தொடங்கும்போது கதவு திறந்தது. மகள். குளிர்ச்சட்டையும் கழற்றவில்லை, சப்பாத்தும் கழற்றவில்லை. எங்கள் வீட்டுக்குள் அவள் சப்பாத்தோடு நின்றதே இல்லை.

“ஆர் அந்த ரெண்டு பொடியள்?”

நான் தொலைக்காட்சியைக் காட்டினேன். “ஒருத்தன் அவன். மற்றவன் உன்ரை பல்கலைக்கழகப் பொடியன்.”

“அப்ப பொம்பிளை?”

“பந்து பிடிக்கிறவன்.”

என்னைப் பார்த்தாள். குசினி வாசலில் நின்ற தாயைப் பார்த்தாள். தாய் ‘ஓம்’ என்று தலையாட்டினாள். மகள் கதவோடு சாய்ந்து சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே போனவள், பிறகு கண்ணைத் துடைத்தாள். அது சிரிப்பின் கண்ணீர் இல்லை என்று எனக்கே விளங்கியது.

“ஒராள் இருக்கிறார் அப்பா. ரெண்டு வருசமா. நீங்கள் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவியள் எண்டு பயந்துதான் சொல்லேல்லை.”

தடியன்களின் சாதகத்தையே தூக்கிக்கொண்டு ஓடியவன் நான்.

“நோர்வேக்காரர். பிறந்தது ஹம்மர்பெஸ்டிலை, டிசம்பர் நடுப்பகுதி,” என்றாள். “பாக்கத்தான் போறீங்கள் எண்டா, பாருங்கோ.”

ஹம்மர்பெஸ்ட். நோர்வேயின் வடக்கு முனையில், இந்த நாட்டில் நான் முதன்முதலில் வேலை செய்த ஊர். அங்கே மீன் வெட்டிய முதல் குளிர்காலத்தில், விடியும் விடியும் என்று சன்னலைப் பார்த்தே கிழமைகள் போயின.

“அங்கை அந்த மாசம் சூரியன் உதிக்கிறேல்லை பிள்ளை. ஐயர் எங்கையிருந்து கணக்குத் தொடங்குவார்?”

“அப்ப என்ன செய்யப் போறீங்கள்?”

திரையில் என் ஆள் மறுபடியும் பந்தைப் பறிகொடுத்துவிட்டுப் புல்லில் மல்லாந்து கிடந்தான். நான் கையை நீட்டிக் காட்டினேன். “அவனுக்கு எட்டுப் பொருத்தம். கிடக்கிற கிடையைப் பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வா. இப்ப சப்பாத்தைக் கழட்டு, கறியைச் சூடாக்கிறன்.”

கழற்றிவிட்டு வந்து வழக்கமான இடத்தில் இருந்தாள். திரையைப் பார்த்தாள்.

“தோக்கிறம் அப்பா.”

“பரவாயில்லை பிள்ளை,” என்றேன். “பலனோடைதானே தோக்கிறம்.”