நடுங்கும் கையில் ரேசர்

2008இல் என் மகளின் நிச்சயதார்த்தத்துக்காகச் கடலூர் செம்மண்டலத்திலிருந்து முதல் பஸ்ஸில் சிதம்பரம் போனோம். மண்டபத்து அறையில் மூன்று பிளேடு ரேசரை அழுத்தி அழுத்திச் சவரம் செய்தேன். வழக்கம்போல முடி போகாமல் கழுத்தெல்லாம் சிவந்து தடித்தது.

அப்போது மாப்பிள்ளையின் தாய்மாமன் உள்ளே வந்தார். நெட்டையான மனிதர், மழமழவென்ற முகம். வலது கை மட்டும் ஓயாமல் நடுங்கியது.

"என்னா சம்மந்தி, கழுத்தா இது, பண்ருட்டி பலாப்பழமா? உக்காருங்க, நான் பண்ணி உடறேன்."

பையிலிருந்து ஒற்றை பிளேடு போடும் கனமான இரும்பு ரேசரை எடுத்தார். புது பிளேடு மாட்டும்போதே அது கடகடவென்று ஆடியது. மாப்பிள்ளை வீட்டாரிடம் வேண்டாமென்று எப்படிச் சொல்வது? தலையை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பயப்படாதீங்க. இத அழுத்துனாதான் அறுக்கும். என் கையால அழுத்தவே முடியாது."

ரேசர் தன் கனத்திலேயே தொண்டையில் மெல்ல இறங்கியது. ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை.

"ம், இப்ப மூச்சு உடலாம்," என்றார்.

மறுவாரமே கடலூரில் அதே மாதிரி ஒன்று வாங்கினேன். என் கை கொஞ்சமும் நடுங்காது. முதல் நாளே வழக்கம்போல அழுத்தி அழுத்தி இழுத்து, மூன்று இடத்தில் வெட்டிக்கொண்டேன். அவர் எப்படித்தான் செய்தாரோ, இன்றுவரை தெரியவில்லை.