வெள்ளைச் சோபா வந்த நூலகம்

வியாசர்பாடிக் குடியிருப்பில் எங்களுக்கு ஒரே அறை, நாங்கள் ஆறு பேர். நான் நோட்டை விரித்தால் யாராவது காலை மடக்கியாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் படித்ததெல்லாம் பக்கத்துத் தெரு நூலகத்தின் மேசையில்தான். பிறகு நூலகராகவே வேலைக்கு வந்தேன்.

எண்ணூர்க் கிளைக்கு மாற்றலாகி வந்தபோது, கூடத்தின் நடுவே நீளமான தேக்கு மேசை ஒன்று கிடந்தது. இரண்டு பக்கமும் பெஞ்சு. ஒரு கால் ஆடியதால் அடியில் அட்டையை மடித்துச் சொருகியிருந்தார்கள். அந்த மேசையின் சன்னலோர மூலையில் தினமும் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். காத்திவாக்கத்துக்காரி, வயது முப்பதுக்குப் பக்கம். கணவர் கடலுக்குப் போகிறவர். காலையில் மார்க்கெட்டில் மீன் விற்று முடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, பதினொரு மணிக்கு வருவாள். குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்தாள். பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரம் வரை தலை நிமிர மாட்டாள். எனக்கு டீ வந்தால் அவளுக்கும் ஒன்று வரும்.

நூலகத்தை நவீனமாக்கப் போகிறார்கள் என்று தகவல் வந்தது. உள்அலங்காரம் செய்ய ஒரு இளைஞர் வந்து நாடாவை இழுத்து அளந்தார். பணிவானவர். என்னென்ன வேண்டும் என்று என்னிடமே கேட்டார். ராத்திரி உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இன்னும் இரண்டு நீள மேசைகள், அவற்றின் அருகிலேயே பிளக் பாயின்ட், முதுகு சாய்க்க நாற்காலிகள், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகள். கண்ணாடிக் கதவு ஏன் என்றும் விளக்கியிருந்தேன். காற்று திரும்பினால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் உள்ளே வரும். இங்கே புத்தகத்தைத் தட்டிவிட்டுத்தான் திறப்போம்.

"மேடம், இப்பல்லாம் மக்கள் லைப்ரரிக்குப் படிக்க மட்டும் வர்றதில்ல. ஒரு எக்ஸ்பீரியன்ஸ் வேணும்" என்றார் அவர். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வேலைக்காக நூலகத்தைப் பூட்டுவதற்கு முதல் நாள் அவள் என்னிடம் வந்தாள்.

"யக்கா, நீ இன்னா வேணா மாத்திக்கோ. இந்த மேசைய மட்டும் தூக்க வுட்றாதக்கா. வூட்டுல குந்தி எழுத எடமே கெடையாது."

"எழுதிக் குடுத்துக்கீறேன். எங்கயும் போவாது" என்றேன். முழு நம்பிக்கையோடுதான் சொன்னேன்.

எட்டு மாதம் கழித்துத் திறந்தபோது கூடத்தில் மேசை இல்லை. வெள்ளைத் துணி போட்ட சோபாக்கள் இருந்தன. நடுவில் முழங்கால் உயரத்தில் வட்டமான டீப்பாய்கள். கூரை வரை திறந்த அலமாரிகள். மேல் இரண்டு தட்டுகள் யாருக்கும் எட்டாது என்பதால் அங்கே புத்தக முதுகுகள் அச்சடித்த அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். எங்கள் தமிழ்ப் புத்தகங்களில் பாதி சாக்கு மூட்டைகளில் பின்கட்டு ஸ்டோர் ரூமில் கிடந்தது. மேசை எங்கே என்று கேட்டேன். பழைய சாமான்களோடு போய்விட்டது என்றார்கள்.

திறப்பு விழா அன்று அவள் எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தாள். ஒரு சோபாவின் நுனியில் உட்கார்ந்து, நோட்டைத் தொடைமேல் வைத்துக் குனிந்து எழுதிப் பார்த்தாள். அதற்குள் விருந்தினர்கள் வந்துவிட்டார்கள். ஒரு அதிகாரி என் அருகில் வந்து, "போட்டோ எடுக்கணும். அந்தம்மாவைக் கொஞ்சம்..." என்றார். நான் போய், "கொஞ்ச நேரம் எந்திரிம்மா" என்றேன். அவள் எழுந்து, தான் உட்கார்ந்த இடத்தைக் கையால் தட்டிவிட்டு வெளியே போனாள். அவள் புடவை சுத்தமாகத்தான் இருந்தது.

பிறகும் ஒரு வாரம் வந்தாள். சோபாவில் எழுத முடியாமல், அலமாரிகளுக்கு நடுவே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து படித்தாள். புதிதாக மாட்டியிருந்த கேமரா வழியாக மேலதிகாரிகள் அதையும் பார்த்துவிட்டார்கள். தொலைபேசி வந்தது. "யாரு அது தரையில? ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இருக்கு." இரண்டாவது முறையும் அவளை நான்தான் எழுப்பினேன்.

"எங்கதாங்க்கா குந்தறது?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மேசை கேட்டு மூன்று கடிதங்கள் அனுப்பினேன். வடிவமைப்புக்குப் பொருந்தாது என்று ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது. என் வீட்டிலிருந்த மடக்கு மேசையை ஆட்டோவில் ஏற்றிவந்து, ஸ்டோர் ரூமில் மூட்டைகளை ஒதுக்கி, ஃபேன் ஒன்றும் வைத்தேன். அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தாள். வாசலிலேயே நின்று உள்ளே பார்த்தாள்.

"வோணாங்க்கா. ஒளிஞ்சிகினு படிக்க நான் இன்னா திருடிகினா வந்தேன்?"

அதற்குமேல் அவள் வரவில்லை. தேர்வை எழுதினாள், தேறவில்லை. படிக்க இடம் இருந்திருந்தால் தேறியிருப்பாளா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது. ஒருநாள் மார்க்கெட்டில் அவள் கூடைக்கு முன்னால் போய் நின்றேன். "இன்னா மேடம், சங்கரா நல்லா கீது, போடவா?" என்றாள். அக்கா என்று அவள் கூப்பிடுவாள் எனக் காத்திருந்தேன். மீனை வெட்டிப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தாள்.

சோபாக்கள் மூன்றே மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டன. பிளாஸ்டிக் உறை போட்டோம். வேர்க்கிறது என்று அதிலும் யாரும் உட்காருவதில்லை. ஆனால் திறந்த புதிதில் எடுத்த படங்களுக்கு, சிறந்த உள்அலங்காரம் என்று ஒரு விருது கிடைத்தது. படங்கள் ஒன்றிலும் ஆள் இல்லை.

விருது விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அந்த இளைஞர் மேடையில், என் ஆலோசனைகள் பெரிதும் உதவியதாகச் சொன்னார். கைதட்டினார்கள். சால்வை போட என்னைக் கூப்பிட்டார்கள். நான் கேட்டது மேசை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். மேலே போய்க் குனிந்து நின்றேன். போட்டார்கள். வாங்கிக்கொண்டு இறங்கினேன்.