ஹர்த்தால் நாளில் ஒரு பழுதற்ற கார்

இந்த ஊரில் ஹர்த்தால் அறிவித்தால் யாரும் கோபப்படுவதில்லை. முந்தின சாயங்காலமே கோழிக்கடையில் கூட்டம் சேர்ந்துவிடும். எதற்காக அடைப்பு என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. மறுநாள் சமையல் மட்டும் தெரியும். திருநெல்வேலியில் கடையடைப்பென்றால் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், அதன் கீழே குனிந்து போய்ச் சீனி வாங்கிவரலாம் என்பது நெல்லைக்காரர்களுக்குத் தெரியும். இங்கே குனிய இடமில்லை. சொந்தக் காரைக்கூட வெளியே எடுக்க மாட்டார்கள். மத்திய அரசு அலுவலகத்தில் தணிக்கை செய்ய வந்து, ஓய்வும் பெற்று, திருவனந்தபுரத்து வலியசாலையிலேயே தங்கிவிட்ட நான் போன வாரம் வரை இந்த ஒழுங்கை மெச்சிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி பகவதியின் அக்கா கோமதி, சிட்னியிலிருக்கும் மகனோடு வசிக்க ஒரேயடியாகப் போகவிருந்தாள். வியாழக்கிழமை மாலை நெல்லையில் ரயிலேற வேண்டும். அதற்குள் ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றாள் பகவதி. முழங்கால் அறுவை செய்துகொண்டவள், பஸ்ஸோ ரயிலோ ஏற முடியாது. எங்கள் பழைய கார்தான் கதி. அதுவோ சிக்னலுக்குச் சிக்னல் அணைந்தது, பெட்ரோல் நாறியது, இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்தது.

செவ்வாய் காலை கரமனையில் ஷாஜியின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அவர் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்.

“சாரே, ஆக்சிஜன் சென்சர் போயி. புதுசு கையில உண்டு. இப்போ மாத்தினா உச்சைக்கு ஊணு கழிக்க வீட்டுக்குப் போகாம்.” மத்தியானச் சாப்பாட்டுக்கே வீடு திரும்பிவிடலாம் என்றார்.

புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று சொல்லும் கருவி அது. ஆனால் புகைக்குழாயில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று புகுந்தாலும் ஸ்கேனர் அதையேதான் காட்டும். சோதிக்காமல் மாற்றக் கூடாது என்றேன்.

“சாரே, இது காராணு. பென்ஷன் ஃபைல் அல்ல.”

“ஃபைலா இருந்தா உங்ககிட்ட கொண்டுவருவேனா, ஷாஜி?”

“சரி, சாரு ஜெயிச்சு!” என்று அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

இன்ஜினை ஆறவிட்டுக் குழாய் முழுவதும் ஓட்டை தேடவைத்தேன். இல்லை. புதன்கிழமை இன்ஜினைச் சூடேற்றிச் சென்சரில் மல்டிமீட்டரைப் பிடித்தேன். மேலும் கீழும் ஆடவேண்டிய எண் அடியிலேயே கிடந்தது. காற்று உள்ளே போகும் வழியில், பெட்ரோல்போல எரியும் க்ளீனர் ஸ்ப்ரேயை அடித்தேன்; எரிய அவ்வளவு கிடைத்தும் எண் அசையவில்லை. சென்சர் கெட்டதுதான். யாருமே மறுக்காத ஒன்றை முறைப்படி நிரூபித்துவிட்டேன்.

சாயங்காலம் புதியதைப் பொருத்தியதும் எண் துள்ளியது. வீட்டுக்கு வந்தால், டிவியின் அடியில் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது: நாளை ஹர்த்தால். இருட்டில் எதிர்வண்டி வெளிச்சத்துக்கு எனக்குக் கண் தெரியாது; அப்போதே கிளம்பவும் வழியில்லை.

மறுநாள் காலை பகவதி பட்டுப்புடவையில் நின்றாள்.

“ஏங்க, ஆஸ்பத்திரின்னு எழுதிக் கண்ணாடில ஒட்டிட்டுப் போவமா? அவசரம்னா அப்படித்தான போறாங்க, யாரும் மறிக்கிறதில்லயே?”

“அது பொய் அறிவிப்பு” என்றேன், பழைய அலுவலகக் குரலில்.

அவள் நேராகப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள். வேறென்ன செய்வதென்று தெரியாமல் நானும் ஏறி இன்ஜினைக் கிளப்பினேன். அப்போது கோமதி போன் செய்தாள். பகவதி ஸ்பீக்கரில் போட்டாள்.

“எங்கட்டி வந்துக்கிட்டிருக்க? களியக்காவிளை தாண்டியாச்சா?”

“இல்லக்கா. இன்னிக்கு ஹர்த்தாலு.”

“கடையத்தானட்டி அடைப்பான்? காரை எவன் அடைச்சான்?”

பகவதி என் பக்கம் திரும்பவில்லை. என் சோதனையில் இரண்டு நாள் போனதைச் சொல்லி என்னைக் காட்டிக்கொடுக்கவுமில்லை.

“எங்க ஊர்ல அப்படித்தாங்க்கா. யாரும் வண்டிய எடுக்க மாட்டாங்க.”

கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் ‘எங்க ஊர்’ என்று சொன்னது நெல்லையை மட்டும்தான். திருவனந்தபுரம் எப்போதும் வெறும் ‘இங்க’. அக்காவுக்கும் அது உறைத்திருக்க வேண்டும்.

“சரிட்டி. உங்க ஊர்ல பத்திரமா இருங்க.”

போன் அடங்கிய பிறகும் பகவதி இறங்கவில்லை. சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு ஆளில்லாத ரோட்டைப் பார்த்திருந்தாள். நின்ற இடத்திலேயே, ஒரு விக்கல்கூட இல்லாமல், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.