கையில் தூக்கிப் பார்த்து வாங்கியது

கம்ப்யூட்டருக்கு எஸ்எம்பிஎஸ் வாங்குவது பூசணிக்காய் வாங்குவது மாதிரி என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். கனமாக இருந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது, லேசாக இருந்தால் வெறும் தகரம். சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி, மதர்போர்டுக்கும் ஹார்டு டிஸ்குக்கும் வேண்டிய அளவு பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. எங்கள் பக்கம் கம்ப்யூட்டர் மாட்டுகிற எல்லாரும் அதை அப்படித்தான் வாங்குவார்கள். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை எவன் நம்புவான்? நானூற்றைம்பது வாட் என்று போட்டிருப்பான், பாதி தூரம் போவதற்குள் மூச்சு வாங்கும். கை பொய் சொல்லாது என்பேன். இப்போது அந்தப் பேச்சை நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது.

திருப்புலிவனத்தில் எங்கள் வீடு. கணவருக்கு நெல் வயல், எனக்குக் கேமரா. கல்யாண வீடியோ எடுக்கிறேன், அதிலும் பெண்கள் பக்கம் மட்டும். உத்திரமேரூரைச் சுற்றி இருக்கிற முஸ்லிம் வீடுகளில் கல்யாணம் என்றால் பெண்கள் உட்காரும் அறைக்குள் ஆண் வீடியோக்காரர்களை விட மாட்டார்கள். அதனால் என்னைக் கூப்பிடுவார்கள். எடுத்ததை எந்த ஸ்டுடியோவுக்கும் கொடுக்க மாட்டேன், என் வீட்டில் நானே உட்கார்ந்து எடிட் பண்ணுவேன் என்பது நான் கொடுக்கிற வாக்கு. அதற்காகத்தான் ஒவ்வொரு சாமானாக வாங்கி, ஸ்க்ரூ டிரைவர் பிடித்து, ஒரு கம்ப்யூட்டரை நானே மாட்டி வைத்திருந்தேன்.

சாமானெல்லாம் வாங்குவது உத்திரமேரூர் பஜாரில் கடை வைத்திருக்கும் பாயிடம். அதிகம் பேச மாட்டார். இது வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான். அவருக்கு ஒரே மகள். அவளுடைய நிக்காஹ் வீடியோவும் என்னிடம்தான் வந்தது.

அந்தக் கல்யாணத்தில் ஒரு துக்கம் இருந்தது. நிக்காஹுக்கு நான்கு நாள் முன்னால் பாயின் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை, லீவு முடிகிற நேரம், தேதியைத் தள்ள வழியில்லை. காஞ்சிபுரத்தில் அக்காவுக்கு ஆபரேஷன் நடந்த அன்றைக்கே இங்கே மகளுக்கு நிக்காஹ் நடந்தது. பெற்ற ஒரு பெண்ணின் கல்யாணத்தை அக்கா பார்க்கவில்லை. அந்த வாரமே பெண் விமானம் ஏறிப் போய்விட்டாள்.

பெண்கள் அறையில் ஒருத்தரும் ஃபோனைத் தூக்கக் கூடாது என்று பாய் முன்பே சொல்லிவிட்டார். படம் எவன் கைக்காவது போய் வாட்ஸ்அப்பில் சுற்றும் என்ற பயம். வாசலில் ஒரு கூடை வைத்து எல்லா ஃபோனையும் வாங்கிப் போட்டுவிட்டார்கள். ஆக, அந்த அறையில் நடந்ததைப் பார்த்த கேமரா என்னுடையது ஒன்றுதான். அக்கா பார்க்க வேண்டும், அதற்காகத்தான் இந்த வீடியோவே என்று பாய் என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஒரு டிஸ்கில் ஒரு காப்பி, இன்னொரு டிஸ்கில் இன்னொரு காப்பி. இரண்டு இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று எனக்குப் பெருமை. மூன்றாம் நாள் பெருநகரில் ஒரு காதுகுத்து இருந்தது. கேமராவின் மெமரி கார்டுகளில் இருந்ததை அழித்துவிட்டு அவற்றை அங்கே எடுத்துக்கொண்டு போனேன்.

பிறகுதான் ஏழரை ஆரம்பித்தது. நிக்காஹ் வீடியோவை எடிட் செய்து முடித்து, ஒரே படமாக வெளியே எடுக்கப் போனால் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். கொஞ்ச நாள் முன்னால்தான் புதிதாக, கரண்டை நிறைய இழுக்கிற பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தேன். எஸ்எம்பிஎஸ்ஸோ பழையது, கம்ப்யூட்டரின் வெளிக்கூடு வாங்கியபோது அதோடு சும்மா வந்தது. எவளுக்கும் அங்கேதான் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. எங்கள் ஊரில் பம்புசெட்டுக்கு மும்முனைக் கரண்ட் விட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் மோட்டார் போடுவார்கள், வீட்டு விளக்கு மங்கும், மின்விசிறி சோம்பலாகச் சுற்றும். எல்லாப் பழியையும் அதன் மேல் போட்டேன். கணவரிடம் சண்டை பிடித்து இரண்டு நாள் மோட்டாரை நிறுத்த வைத்தேன். அவரும் நிறுத்தினார். பயிர் வாடியதுதான் மிச்சம், கம்ப்யூட்டர் அணைவது நிற்கவில்லை.

கடைசியில் பாயிடம் போனேன். அவர் ஒரு பில் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். பிராசஸர் எவ்வளவு இழுக்கும், கார்டு எவ்வளவு, இரண்டு டிஸ்க், மின்விசிறிகள் என்று வரிசையாகக் கூட்டினார். கார்டு முழு வேகத்தில் ஓடும்போது ஒரு நொடி இரண்டு மடங்குகூட இழுக்கும், கூட்டி வந்ததற்கு மேல் பாதியாவது கையிருப்பு வேண்டும் என்றார். அறுநூற்றைம்பது வாட், அதுவும் சோதித்துச் சான்று கொடுத்த கம்பெனியுடையதாக இருக்க வேண்டும். அது அவரிடம் இல்லை, சென்னையிலிருந்து வர ஒரு வாரம் ஆகும். அதுவரை மெஷினைத் தொடக்கூட வேண்டாம் என்றார்.

“ஒரு வாரமா, பாய்?”

“பொறுத்துக்கினு இரும்மா. ஒங்க அக்காவே படுத்துக்கினு பொறுமையா கீறா. ஒனக்கு இன்னா அவசரம்?”

அவசரம் எனக்கில்லை, அக்காவின் கேள்விக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். வீடு கடைக்குப் பின்னால்தான். நான் போகிறபோதெல்லாம் உள்ளேயிருந்து குரல் வரும், ஆச்சா என்று. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகக் கேட்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் போனேன். பழக்கமில்லாத ஒரு கடையில் ஏறி, பெரிய எஸ்எம்பிஎஸ் காட்டச் சொன்னேன். மூன்று பெட்டி எடுத்து வைத்தார்கள். ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தேன். முதல் இரண்டும் லேசு. மூன்றாவது கையை இழுத்தது. எழுநூறு வாட் என்று போட்டிருந்தது. பாய் சொன்னதற்கு ஐம்பது கூடுதல், கனமும் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? ஒரு வாரம் காத்திரு என்கிறாரே இந்த மனிதர் என்று பஸ்ஸில் வரும்போது சிரித்துக்கொண்டுகூட வந்தேன். அந்தச் சிரிப்புக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

மதியம் மாட்டி முடித்து ஓட விட்டேன். அணையவில்லை. எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் பச்சைக் கோடு பாதியைத் தாண்டியது. டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தேன். முக்கால் தாண்டும்போது டப் என்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம். ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். டிஸ்குகளைக் கழற்றி, மகன் படிக்கப் பயன்படுத்துகிற பழைய கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன். முதல் டிஸ்க் அசையவில்லை. இரண்டாவதை மாட்டினேன். அதுவும் அசையவில்லை. இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன் என்று பீற்றிக்கொண்டேனே, இரண்டுக்கும் கரண்ட் ஒரே பெட்டியிலிருந்துதான் போகிறது என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பாயின் கடைக்குப் போனேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் எஸ்எம்பிஎஸ்ஸை மேசையில் வைத்து நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன போர்டு, மெல்லிய ஒயர்கள், கருகிப்போன ஒரு மூலை. அதற்குக் கீழே, எதனோடும் சேராமல், பசை போட்டு ஒட்டிய ஒரு இரும்புத் துண்டு. பாய் அதை நெம்பி எடுத்து என் கையில் வைத்தார்.

“இத்தத்தான் நீ தூக்கிப் பாத்துக்கீற” என்றார்.

திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவோம் என்று அந்தப் பெட்டியைச் செய்தவனுக்கும் தெரிந்திருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்காகவே இரும்பு வைத்து விற்கிறான்.

செத்த டிஸ்கிலிருந்து படத்தை மீட்டுக் கொடுக்கிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள் என்றார் பாய். எனக்கு உயிர் வந்தது. எவ்வளவு ஆனாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் கடையைப் பூட்டாமலே உள்ளே போய் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னார். நான் அறை வாசலில் நின்றேன். அக்கா என்னைப் பார்க்காமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்த டிஸ்கைத் திறக்கிறவர்கள் ஆண்களா என்று கேட்டார். ஆண்கள்தான். சரியாக வந்திருக்கிறதா என்று போட்டுப் பார்ப்பார்களா? பார்ப்பார்கள், பார்க்காமல் எப்படிக் கொடுப்பார்கள் என்றார் பாய்.

“வேணாம்” என்றார் அக்கா. “அந்த ரூம்ல முக்காடு இல்லாம எத்தினி பேரு இருந்திருப்பாங்க. நம்மள நம்பித்தானே கூடைல ஃபோனைப் போட்டாங்க. நான் ஒருத்தி பாக்கணும்னு அத்தினி பேரையும் ஊரான் முன்னால காட்டணுமா?”

பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பாய் கடைக்குப் போய்விட்டார். நானும் போய்விடலாம் என்று திரும்பினேன்.

“நீ பாத்தியே” என்றார் அக்கா. “ஒக்காரு. சொல்லு.”

கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தேன். பெண்ணின் புடவை நிறத்தைச் சொன்னேன். பூ எப்படி வைத்திருந்தார்கள், யார் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று சொன்னேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. நாள் முழுக்க அந்த அறையில் நின்றவள் நான். எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் ஒரு டியூப்லைட் சிமிட்டியது, குறுக்கே ஒரு பச்சைப் புடவை வந்து வந்து மறைத்தது, கால் வலித்தது. அவள் சாப்பிட்டாளா? தெரியாது. யார் ஊட்டினார்கள்? தெரியாது. எதையும் வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் என் தொழில் பழக்கம். அக்கா கேட்கக் கேட்க எனக்கு அவமானமாக இருந்தது.

“கையெழுத்து போடசொல்ல அழுதாளா?” என்று கேட்டார்.

கையெழுத்துக்காக நிக்காஹ் பதிவேட்டை அறைக்குள் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பேனா பிடித்த மருதாணிக் கையை நெருக்கத்தில் எடுத்தேன். கேமராவில் பேட்டரி சிவப்பாகச் சிமிட்ட ஆரம்பித்தது, ஐயோ தீரப்போகிறதே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

“அழுதாக்கா” என்றேன்.

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. “ஃபோன்ல கேட்டா அழவே இல்லம்மான்றா. எனக்குத் தெரியும். நான் இல்லாம எப்பிடி அழாம இருப்பா?” என்றார். கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை, முகம் அப்படித் தெளிந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னொரு தபா சொல்லு.”

சொன்னேன்.

பாய் வரவழைத்த எஸ்எம்பிஎஸ் அடுத்த வாரம் வந்தது. அவரே வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுத்தார். நான் அதைக் கையில் தூக்கிப் பார்க்கவில்லை. ஊரெல்லாம் மோட்டார் ஓடும்போதுகூட மெஷின் ஒரு முறையும் அணைந்ததில்லை.

அக்கா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். பஜாருக்குப் போனால் அவரைப் பார்க்காமல் வர முடிவதில்லை. டீ கொடுத்து உட்கார வைத்து, அந்த ஒரு இடத்தை மட்டும் சொல்லச் சொல்வார். நானும் சொல்கிறேன். போன வாரம் சொன்னபோது, முக்காட்டின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள் என்று ஒன்றைச் சேர்த்தேன்.