மீதி விடுமுறை

எங்கள் பக்கத்தில் ஆண்கள் கப்பலேறுவார்கள், பெண்கள் வீட்டைப் பார்த்துக்கொள்வார்கள். பர்மா, மலாயா என்று போய்ப் பழகிய ஊர். எங்கள் வீட்டில் மட்டும் கதை தலைகீழ். தொண்ணூறுகளின் பின்பாதியில் என் மனைவி ஜெர்மனியில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஓர் ஆய்வுக்கூடத்தில் எஞ்சினியர். நான் காரைக்குடியில் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திக்கொண்டு, சோறு வடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை டெலிபோனுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். மீன் மார்க்கெட்டில் என்னைப் பார்த்துவிட்டால் போதும், "என்ன சார், வீட்ல இன்னம் வரலையா?" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். பாதி அக்கறை, பாதி நக்கல். அங்கே சிரித்து வைப்பேன். வீட்டுக்கு வந்து மீனைக் கழுவும்போது எரிச்சல் எரிச்சலாக வரும்.

அந்த எரிச்சலை எல்லாம் நான் இறக்கி வைத்தது ஒரு குழாயின் மேல். வயதான காலத்தில் சிலருக்கு வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக்குழாய் வீங்கிக்கொண்டே போகும். வெடித்தால் ஆள் பிழைப்பது அரிது. வயிற்றைக் கிழிக்காமல், தொடை வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, அதற்குள் மடக்கி வைத்திருக்கும் துணிக்குழலை வீங்கிய இடத்தில் விரிய வைக்கும் வைத்தியம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. துணிக்குழலுக்கு ஸ்டென்ட் கிராஃப்ட் என்று பெயர். அதில் உலோகக் கம்பி வைத்துத் தைத்திருப்பார்கள். மேலுறையாக இருக்கும் அந்த மெல்லிய குழாயைப் பின்னால் இழுத்தால் கம்பி தானாக விரிந்து ரத்தக்குழாயின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும்.

அதைக் கொண்டுபோய் இறக்கிவிடும் கருவிதான் என் மனைவியின் வேலை. சிக்கல், உறையை இழுப்பதில் இருந்தது. பலமாக இழுக்க வேண்டி வந்தால், விடுபடும் நொடியில் துணிக்குழல் குதித்துவிடும். ஒரு நகத்தின் அளவு மேலே போய்விட்டாலும் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் வழி அடைபடும். லேசாக இழுத்தாலே உறை வர வேண்டும், குழல் வைத்த இடத்தில் நிற்க வேண்டும். அது சரியானதும் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவதாக அவள் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அதனால் ஞாயிறுதோறும் டெலிபோனில் நான் கேட்கும் முதல் கேள்வி, சாப்பிட்டாயா என்பதில்லை.

"இன்னும் குதிக்குதா?"

"குதிக்குதுங்க."

ஒரு மே மாதம், ஒரு மாத விடுமுறையில் வந்தாள். பெட்டியைத் திறந்தால் சேலைகளுக்கு நடுவே அந்தக் கருவி. ஆய்வுக்கூடத்தில் கழித்துப் போட்டதாம்.

"இதையும் கூட்டிட்டு வந்துட்டியா?" என்றேன். எனக்கு நிஜமாகவே கோபம்.

"தனியா விட்டுட்டு வர மனசில்லைங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது. கோபத்தை அதற்கு மேல் இழுத்துப் பிடிக்க முடியவில்லை.

குன்றக்குடி மலையேற வேண்டும், கொத்தமங்கலத்தில் அவளுடைய சிநேகிதி வீட்டுக்குப் போக வேண்டும், மற்ற நாளெல்லாம் சும்மா கிடக்க வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தோம். முதல் வாரம் அப்படித்தான் போனது. பிறகு ஒரு நாள் காலையில் நானேதான் வாயைக் கொடுத்தேன்: "அதை எப்படித்தான் இழுப்பீக? காட்டு, பார்ப்போம்."

பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியாரிடம் ஒரு கண்ணாடிக் குழாயும் ஸ்பிரிங் தராசும் இரவல் வாங்கி வந்தேன். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை வைத்து, உடம்புச் சூட்டுக்கு மேசை மேலிருந்த தொட்டியில் தண்ணீர் விளாவினாள். ஐஸ் தண்ணீரில் போட்டால் அந்தக் கம்பி குழைந்துவிடும். அப்படிக் குழைய வைத்து, மடக்கி, உறைக்குள் செருகினாள். தொட்டித் தண்ணீரில் கிடந்த கண்ணாடிக் குழாய்க்குள் விட்டதும், உறையில் தராசை மாட்டி இழுத்தாள். தராசு முள் அசைந்தும் அசையாமலும் இருந்தது. துணிக்குழல் இருந்த இடத்திலேயே விரிந்தது.

"எங்க கூடத்துலயும் இப்படி நல்லாத்தான் வருது. ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் குதிக்குது. ஏன்னே தெரியலை" என்றாள்.

மறுபடி மடக்கி, என்னை இழுக்கச் சொல்லித் தண்ணீருக்குள் விட்ட நேரம், வாசலில் என் அயித்தையின், அப்பாவோடு பிறந்தவளின், குரல் கேட்டது. மகன் கல்யாணத்துக்கு அழைக்க, தாம்பாளத்தோடு வந்திருந்தது. எங்கள் ஊரில் அழைப்பை வாசலில் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட முடியாது. புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து நின்று வாங்க வேண்டும், உட்கார வைக்க வேண்டும், காப்பி கொடுக்க வேண்டும், யார் யார் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை முழுக்கக் கேட்க வேண்டும். அயித்தை ஒருவரையும் விடவில்லை. என் மனைவி அவ்வப்போது மேசைப் பக்கம் பார்த்தபடி 'ம்' கொட்டினாள்.

அயித்தை போன பிறகு நான் இழுத்தேன். உறை வரவில்லை. முள் ஏறிக்கொண்டே போனது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். படக்கென்று விடுபட்டு, துணிக்குழல் எங்கோ தள்ளிப் போய் விரிந்தது. என் சட்டையெல்லாம் தண்ணீர்.

"கெடுத்துட்டேனா?"

அவள் தண்ணீருக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு ஈரக் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கெடுக்கலைங்க. நாம பேசிக்கிட்டிருந்த நேரம் பூரா அது சூட்டுல கிடந்துச்சுல்ல? கம்பி நல்லாச் சூடேறி உறையை நெருக்கிருச்சு, துணியும் ஊறிருச்சு. எங்க கூடத்துல விட்ட உடனே இழுத்துருவோம். ஆஸ்பத்திரியில டாக்டர் எக்ஸ்ரே படத்துல இடம் பாத்து, யோசிச்சு, நிதானமாத்தான் இழுப்பாக. எங்க கூடத்துல யாரும் அயித்தையை உக்கார வச்சுப் பேசுறதில்லை, அதான் எங்களுக்குத் தெரியலை!"

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஜெர்மனிக்குப் பேசிவிட்டு வந்தவள் செருப்பைக் கழற்றாமலே நின்றாள்.

"உடனே வரச் சொல்றாக. நோயாளிங்க காத்துக்கிட்டிருக்காகளாம். நீங்க இருன்னு சொன்னா இருந்துர்றேன்."

"போயிட்டு வா" என்றேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. வேலை சீக்கிரம் முடிந்தால் ஒரேயடியாக வந்துவிடுவாள் என்ற ஆசைதான்.

கல்யாணத்துக்குத் தனியாகப் போனேன். "ரெண்டு பேருமா நின்னுல்ல தட்டு வாங்குனீக? அவ எங்குட்டு?" என்று அயித்தை பந்தியில் எல்லோர் முன்னாலும் கேட்டது. அவளை விரட்டியதே நீதான் அயித்தை என்று சொல்லத் தோன்றியது. பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் வந்தது. நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள், "குதிக்கலைங்க." யாரோ ஒரு கிழவர். அவருக்குள் அது வைத்த இடத்திலேயே நின்றுவிட்டதாம். அடுத்த பொங்கல் கழிந்து, சொன்னபடியே வந்து சேர்ந்தாள்.

இப்போது பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று சற்று முன்புகூடச் சண்டை போட்டாள். குன்றக்குடிக்கு எத்தனையோ தடவை போய்விட்டு வந்தாயிற்று. ஆனாலும் அந்த மே மாதத்தின் மீதி நாட்கள், அவள் பாதிதான் காலி செய்திருந்த பெட்டியும் அவள் கையின் ஈரமுமாக, இன்னும் என்னை விடவில்லை. அயித்தையை வாசலோடு அனுப்பியிருந்தால் அவை என்னுடையவை. அப்படி அனுப்பியிருந்தால் அந்தக் கிழவர் என்ன ஆகியிருப்பார் என்றும் எனக்குத் தெரியும். அவர் நன்றாக இருக்கட்டும். எனக்கு அந்த நாட்களும் வேண்டும்.