மூலிகைப் பீடியும் அண்ணன் சொல்லச் சொன்னதும்

எங்கள் அண்ணனின் முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை எழுதுவது. இந்த நினைவு மலருக்கு அண்ணனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அண்ணி கேட்டார்கள். நல்லது நிறையவே இருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் மற்றதை எழுதக் கை வரவில்லை.

அண்ணன் எலவனாசூர்கோட்டையில் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் பள்ளிக்கூடத்தை விட்டு ஏர் பிடித்தார். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும், கணவரை இழந்து நான் திரும்பி வந்தபோது ஒரு கேள்வியும் கேட்காமல் அறையை ஒழித்துக் கொடுத்ததும் அவர்தான். கோபம் வந்தால் கத்துவார். அடுத்த நிமிடமே "சாப்ட்டியா?" என்பார்.

அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் பீடி. அதை விடுவதற்காகத்தான் மூலிகைப் பீடி செய்ய ஆரம்பித்தார். வேலியோரம் ஆடாதோடையும் நொச்சியும், கிணற்றடியில் துளசியும் வளர்த்தார். இலைகளை நிழலில் உலர்த்தி, நரம்பு நீக்கி நொறுக்கி, அதிமதுரத் தண்ணீர் தெளித்துப் பதமாக்குவார். புகையிலை ஒரு துளிகூடச் சேர்க்க மாட்டார். சுருட்டுவது என் வேலை. கள்ளக்குறிச்சியில் நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவர் கேட்டு வாங்கினார். மலைமேல் வெள்ளிமலையில் இருக்கும் நண்பர்களுக்கு அண்ணனே மாதம் ஒருமுறை பஸ்ஸில் கொண்டுபோவார்.

ஒவ்வொரு கலவையையும் முதலில் தானே பற்றவைத்துப் பார்ப்பார். "நம்ம நெஞ்சு தாங்குனாதான் அடுத்தவங்களுக்குக் குடுக்கணும்" என்பார். தொண்டை கமறினால் அளவை மாற்றி மறுபடியும் இழுப்பார். இருமல் வந்தபோது நாங்கள் யாரும் அந்தப் பீடியைச் சந்தேகப்படவில்லை. மூலிகைதானே என்று இருந்துவிட்டோம். "இருமிக்கினே இருக்கியே அண்ணா. ஆடாதோடை ஜாஸ்தி போட்டு ஒண்ணு சுத்தியிருக்கேன், இத்த இழு" என்று தீக்குச்சி கிழித்துக் கொடுத்தவள் நான்.

மூச்சுவிட முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டிச் சொன்னார்: "எந்த இலையா இருந்தா இன்னாங்க, பொகை பொகைதான்."

அண்ணன் அன்றைக்கே நிறுத்தினார். கொஞ்சம் நடமாட முடிந்ததும் கள்ளக்குறிச்சிக்குப் போய்க் கடைக்காரரிடம் மீதியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தெரிந்தவர்கள் வீடு வீடாகப் போய் விடச் சொன்னார். மலை ஏற மட்டும் அவரால் முடியவில்லை. "வெள்ளிமலைக்கு நீ போய் சொல்லிட்டு வந்துடு. என்னிய நம்பித்தானே புடிச்சிக்கினு இருக்காங்க" என்றார். போகிறேன் போகிறேன் என்றே நாளைத் தள்ளினேன். நம் பெயர் கெட்டுவிடும் என்ற வெட்கம்தான் காரணம். உடம்பு சரியில்லை, பஸ் இல்லை என்று அவரிடம் சொன்னதெல்லாம் பொய். ஒவ்வொரு முறையும் அவர் நம்பினார். கேட்டுக் கேட்டே கண்ணை மூடினார்.

பதினாறாம் நாள் படையலுக்கு வெள்ளிமலையிலிருந்து அவருடைய நண்பர் ஒருவர் வந்தார். மடியிலிருந்து ஒரு கட்டு மூலிகைப் பீடியை எடுத்து இலையில் வைத்தார். "அவரு குடுத்ததுதாங்க. நான் கொஞ்சம் எடுத்துக்கினு மிச்சத்த அவருக்கே வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பி நின்று இருமினார். நான் சுருட்டிய கட்டு அது. அத்தனை பேர் முன்னால் வாய் திறக்கத் தைரியமில்லாமல் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். அதற்கு என்னை நான் மன்னிக்கவில்லை.

அண்ணனை இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிய பங்காளிகளுக்கும், எங்கள் நிலத்தில் நடவை முடித்துக் கொடுத்த ஊர்ப் பெண்களுக்கும் எங்கள் நன்றி. மலையிலிருந்து வந்த அண்ணனின் நண்பருக்கும் நன்றி. ஐயா, இந்த மலரை நானே உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துக் காட்டுவேன். மீதி வைத்திருப்பதை மண்ணில் புதைத்துவிடுங்கள். இனி எதையும் பற்றவைக்காதீர்கள். அண்ணன் சொல்லச் சொன்னார். நான்தான் இவ்வளவு நாளாகச் சொல்லவில்லை.