போத்துக்கலுக்குத் தற்செயலாப் போன கதை

எனக்கு முப்பத்தொரு வயசில, ரொறன்ரோவில இருந்து போத்துக்கலுக்கு ஊர் பாக்கப் போனன். எல்லாருக்கும் அப்பிடித்தான் சொன்னது. கீழ் அப்பார்ட்மென்ற் அன்ரிக்கும் சொன்னம், அண்ணையின்ர பிள்ளையளுக்கும் சொன்னம். உண்மை என்னெண்டால் என்னைப் பொம்பிளை பாக்கிறதுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனவை.

எங்கட பக்கத்தில ஒரு பழக்கம் இருக்கு. பொம்பிளை பாக்க நேர வீட்டுக்கு வரமாட்டினம். வந்து பாத்திட்டு வேண்டாமெண்டால் ரெண்டு பகுதிக்கும் வெக்கம். அதால கோயிலில வைச்சுப் பாக்கிறது. மாப்பிளை பகுதி முதலே வந்து ஒரு தூணோட நிக்கும். நாங்கள் அருச்சனைத் தட்டோட போவம். "அட, நீங்களும் வந்தனீங்களோ" எண்டு பெரியாக்கள் தற்செயலாக் கண்ட மாதிரிக் கதைப்பினம். அந்த ரெண்டு நிமிசத்துக்குள்ள மாப்பிளை என்னைப் பாத்து முடிச்சிடோணும். நான் சாமியைப் பாத்துக்கொண்டு நிக்கோணும். கடைசியா "நாங்கள் கடிதம் போடுறம்" எண்டு சொல்லிப்போட்டுப் போவினம்.

றிச்மண்ட் ஹில் கோயிலில எனக்கு ரெண்டு தரம் இந்தத் தற்செயல் நடந்தது. முதல் தரம் ஒரு கிழமையில கடிதம் வந்தது, சாதகம் பொருந்தேல்லையாம். பாக்க வரமுதல் அதே சாதகம் நல்லாப் பொருந்திக் கிடந்தது. என்ர நிறத்தைப் பாத்தாப் பிறகு கிரகங்களும் இடம் மாறிப்போச்சு. ரெண்டாம் தரம் கடிதமே வரேல்லை. ஆறு மாசமா நாளுக்கு ரெண்டு தரம் தபால்பெட்டியைத் திறந்து பாத்தன். பிறகு அந்தப் பெடியனின்ர கலியாண அழைப்பிதழ்தான் வந்தது. அண்ணி கலியாணத்துக்குப் போட்டு வந்து, சாப்பாட்டில உப்பில்லை எண்டு சொன்னா. எனக்காகத்தான் சொன்னவ, பாவம்.

அதுக்குப் பிறகு கோயிலுக்குப் போனால் நாலு பேர் திரும்பிப் பாப்பினம். நான் அண்ணையிட்டச் சொல்லிப்போட்டன், "இன்னும் ஒருக்காத்தான். மூண்டாவதும் இப்பிடிப் போனால் நான் இனி ஒருத்தருக்கும் முன்னால போய் நிக்கமாட்டன்." பகிடிக்குச் சொல்லேல்லை. அண்ணைக்கும் அது விளங்கினது.

மூண்டாவது கலியாணப் பேச்சுக்கால் பாரிசில இருந்து வந்தது. ஒரு உணவகத்தில சமையல் வேலை, முப்பத்தைஞ்சு வயசு, கூட ஒரு அக்கா. அவருக்குக் கனடா விசா குடுக்கேல்லை. நாங்கள் பாரிசுக்குப் போகலாம். ஆனால் அங்க நான் காலமை போய் இறங்கினால், மத்தியானத்துக்கிடையில தமிழ்க் கடையளில என்ர உயரம் வரைக்கும் கதைச்சு முடிச்சிடுவினம்.

அப்பத்தான் என்ர போத்துக்கீசச் சிநேகிதி ஞாபகத்துக்கு வந்தாள். ரொறன்ரோவில ஸ்பதைனா ரோட்டில ஒரு கோட் தைக்கிற ஃபக்டரியில எனக்குப் பக்கத்து மெஷின். நான் கை தைச்சால் அவள் கொலர் வைப்பாள். ரெண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலிஷ். ஒரு நாள் நான் பாண் எண்டு சொல்ல, அவள் மெஷினை நிப்பாட்டிப்போட்டுத் திரும்பிப் பாத்தாள், அவளின்ர பாசையிலயும் அதுக்கு அதே சொல்லாம். பிறகு மேசை, சன்னல், சப்பாத்து எண்டு ஒவ்வொண்டாச் சொல்லிச் சொல்லி ரெண்டு பேரும் சிரிச்சம். வருசா வருசம் ஓகஸ்டில அவள் ஊருக்குப் போறவள். பழைய நகரம், சுத்திவர மதில், எல்லாம் சரித்திரம், ஒருக்கா வந்து பார் எண்டு மூண்டு வருசமா என்ர காதைத் திண்டவள்.

"அங்க ஒரு தமிழனும் இருக்கமாட்டான். அதுதான் தோதான இடம்" எண்டார் அண்ணை. பிறகு, "அந்தக் காலத்தில எங்கட ஊருக்கு வந்து கோயிலுகளை இடிச்ச ஆக்களின்ர ஊரில போய்க் கலியாணம் பேசுறம்" எண்டு ஒரு நாள் முழுக்கப் புறுபுறுத்தார். அவருக்கு லீவு கிடைக்கேல்லை. சிநேகிதி ஊரில நிக்கிற ஓகஸ்டில, அண்ணி பிள்ளையளை அவரிட்ட விட்டிட்டு என்னோட வெளிக்கிட்டா.

சிநேகிதிக்கும் நாங்கள் விசயத்தைச் சொல்லேல்லை. சரிவராட்டி அவளுக்கு முன்னாலயும் வெக்கம், சரிவந்தால் பிறகு சொல்லுவம் எண்டு அண்ணி சொல்லிப்போட்டா. அந்தப் பாவி நாங்கள் உண்மையாவே சரித்திரம் பாக்க வந்திருக்கிறம் எண்டு நம்பிப்போட்டாள். எங்கட பிழை அதுதான்.

ஏற்பாடு இதுதான். காலமை பத்து மணிக்குப் பெரிய தேவாலயத்து வாசலில பாரிஸ் பகுதி நிக்கும். நாங்கள் தற்செயலாப் போவம். ரெண்டு நிமிசம். பிறகு வீடு.

சிநேகிதி எங்களுக்கு ஊர் காட்ட ஏழு மணிக்கே தொப்பியும் தண்ணிப் போத்தலுமா வந்து நிண்டாள். என்னைப் பாத்து வாயைப் பிளந்தாள். அண்ணி எனக்கு அரக்குக் காஞ்சிபுரம் உடுத்தி, தன்ர பதக்கச் சங்கிலியும் போட்டு விட்டிருந்தா. அந்த ஊர் வெயில் எங்கட வெயிலையும் வெண்ட வெயில். "சரித்திரத்துக்கு மரியாதை" எண்டு நான் சொன்னன். அவளுக்குக் கண் கலங்கிப்போச்சு. ஐயோ, எனக்கு அவளின்ர முகத்தைப் பாக்க வெக்கமாக் கிடந்தது.

முதல் மதிலைக் காட்டினாள். வீடெல்லாம் வெள்ளை, அடியில ஒரு மஞ்சள் பட்டை. பிறகு தண்ணி கொண்டு வந்த பெரிய கல் வளைவுகள். அந்த வளைவுகளுக்குக் கீழயே ஆக்கள் வீடு கட்டி, வாசலில உடுப்புக் காயப்போட்டு இருந்தவை. எனக்கு அது நல்லாப் பிடிச்சது. பிறகு உரோமர் காலத்துத் தூணுகள், கூரை இல்லாமல் வெறுமன நிண்டது. ஒவ்வொரு தூணுக்கும் அவளிட்ட ஒரு கதை இருந்தது. அண்ணி மணிக்கூட்டைப் பாக்கிறா. "பெரிய கோயில் எப்ப?" எண்டு கேட்டா.

"கடைசியா. வடிவானதைக் கடைசியாத்தான் பாக்கோணும்" எண்டாள் அவள்.

பத்து மணி போச்சு. பதினொண்டும் போச்சு. என்ர செருப்பு வாரும் கல் ரோட்டில அறுந்து போச்சு. எனக்கு விசர் வந்தது. அந்த ஆக்கள் பாத்துப் பாத்துப் போயிருப்பினம், என்ர கடைசித் தரம் இப்பிடித் தூணுகளைப் பாத்தே முடியப்போகுது எண்டு நினைக்க அழுகையும் வந்தது. இழுத்து இழுத்து நடந்துகொண்டு, "உவளின்ர சரித்திரத்தில இடி விழ" எண்டு தமிழில உரத்துத் திட்டினபடி மூலையில திரும்பினன். தேவாலயத்துப் படியில, நிழலில, ரெண்டு பேர் இருந்தவை. அக்கா சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டு, ஊர் வரைபடத்தால விசிறிக்கொண்டிருந்தா. பக்கத்தில ஒருத்தர் குனிஞ்சு சிரிச்சுக்கொண்டிருந்தார். திட்டினது கேட்டிட்டுது.

அண்ணி தொண்டையைச் செருமினா. "அட, தமிழ் ஆக்கள் போல கிடக்கு."

"ஓம் ஓம். பாரிசில இருந்து வந்தனாங்கள். எப்பிடித் தற்செயலா எண்டு பாருங்கோ" எண்டா அக்கா. பள்ளிக்கூட நாடகத்திலயும் இதைவிட நல்லா நடிப்பினம். நான் முறைப்படி திரும்பி, வாசலில கல்லில செதுக்கியிருந்த ஒரு தாடிக்காரச் சாமியாரைப் பாத்துக்கொண்டு நிண்டன். ஆனாலும் ஒரு கண்ணால பாத்தன். பேச்சுக்காலோட அனுப்பின படத்தில இருந்த தலைமயிரில பாதி இல்லை. என்ர படத்திலயும் ஸ்ரூடியோக்காரன் என்னை வெளுப்பாக்கித்தான் குடுத்தவன், அதால நான் ஒண்டும் சொல்லேலாது.

ரெண்டு நிமிசத்தில முடிஞ்சிருக்க வேண்டியது. ஆனால் என்ர சிநேகிதி நெஞ்சில சிலுவை போட்டாள். இவ்வளவு தூரம் வந்து தன்ர கோயில் வாசலில உங்கட நாட்டு ஆக்களைக் காணுறது கடவுள் செயல் எண்டு சொல்லி, அக்காவைக் கட்டிப் பிடிச்சாள். இனி எல்லாரும் ஒண்டாத்தான் பாக்கோணும், ஒருத்தரையும் விடமாட்டாளாம். வேண்டாமெண்டு சொல்ல அண்ணியிட்ட ஒரு காரணமும் இல்லை. சரித்திரம் பாக்க வந்த ஆக்கள் எல்லோ நாங்கள்.

அந்தத் தேவாலயத்துக் கூரையில ஏறலாம். இருட்டான, சுழண்டு போற ஒடுக்கப் படி. அவர் முதல் படியிலயே நிண்டிட்டார்.

"எனக்கு உந்தப் படி பயம். நான் கீழ நிக்கிறன்" எண்டார்.

"உண்மையாவோ?"

"ஓம். உள்ளுக்கு மூச்சு முட்டும். நீங்கள் போட்டு வாங்கோ, மேல என்ன இருக்கெண்டு வந்து சொல்லுங்கோ."

எனக்குத் தெரிஞ்ச ஆம்பிளையளில ஒருத்தர்கூட ஒரு பொம்பிளைக்கு முன்னால பயமெண்டு சொன்னதை நான் கேட்டதில்லை. அண்ணை கரப்பான்பூச்சிக்குப் பயம், இண்டுவரைக்கும் ஒத்துக்கொள்ளமாட்டார். நான் மேல போய்ப் பாத்திட்டு வந்து, மஞ்சள் பட்டை வீடுகளையும் தூரத்து வயல்களையும் பற்றிச் சொன்னன். அவர் வடிவாக் கேட்டார். "அப்ப சரித்திரத்தில இன்னும் இடி விழேல்லை" எண்டார். நான் சத்தமாச் சிரிச்சுப்போட்டன். அண்ணி தூரத்தில இருந்து முழுசினா.

மத்தியானம் ஒரு மரத்துக்குக் கீழ பாணும் சீஸும் சாப்பிட்டம். அவர் சமையலறையில வெங்காயம் வெட்டுற கதை சொன்னார், நான் கோட்டுக்கு ரெண்டு இடக்கை வைச்சுத் தைச்ச கதை சொன்னன். எனக்கு அவரைப் பிடிச்சிட்டுது. அதோட பயமும் பிடிச்சுது. ரெண்டு நிமிசம் பாத்தவை வேண்டாமெண்டால் வேற. நாள் முழுக்கக் கதைச்சுச் சிரிச்சவர் வேண்டாமெண்டால் என்னால தாங்கேலாது.

பின்னேரம் சிநேகிதி, "இனி ஒரே ஒரு இடம். சொல்லமாட்டன், வந்து பாருங்கோ" எண்டு கூட்டிக்கொண்டு போனாள். உள்ளுக்கு நல்ல குளிர்மை. வெயிலால வந்த கண்ணுக்கு முதல் ஒண்டும் தெரியேல்லை. அக்கா "அப்பாடா" எண்டு சொல்லித் தூணில கையை ஊண்டிச் சாஞ்சா. கண் பழக, தூண் எங்களைப் பாத்தது. சுவர், தூண் எல்லாம் மண்டையோடும் எலும்பும். பழைய சாமிமார் இறந்த ஆக்களின்ர எலும்பை எடுத்துச் சாந்து பூசிக் கட்டின கோயிலாம். அக்காவின்ர கை ஒரு மண்டையோட்டில இருந்தது.

வெளிய ஓடி வந்த அண்ணி நடிப்பை மறந்து போனா. "நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்ட எங்களைச் சவக்காலைக்குள்ள கொண்டு போய் விட்டிட்டாளே."

"துடக்கு. முழுகாமல் ஒண்டும் தொடக்கூடாது" எண்டா அக்கா. அண்டைக்கு முழுக்க அந்த ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விசயம் இதுதான். சதுக்கத்தில ஒரு பழைய சலவைக்கல் நீரூற்று. அதில முகம் கழுவி, எங்கட தலையிலயும் தண்ணி தெளிச்சினம். கோப்பி குடிச்சுக்கொண்டிருந்த ஊர்க்காரர் கோப்பையை வைச்சிட்டுப் பாத்தவை. சிநேகிதி எங்களுக்கு வெயில் பட்டிட்டுது எண்டு நினைச்சு இன்னும் அள்ளி ஊத்தினாள். என்ர காஞ்சிபுரம் தொப்பல்.

அக்கா முகத்தைத் துடைச்சா. "இண்டைக்கு இனி ஒண்டும் கதைக்கக்கூடாது. நாங்கள் போய்க் கடிதம் போடுறம்."

"ஓம், அதுதான் சரி" எண்டா அண்ணி.

கடிதம். திரும்பவும் ரொறன்ரோவுக்குப் போய்த் தபால்பெட்டியைத் திறந்து திறந்து மூடோணும். கோபம் பொத்துக்கொண்டு வந்திட்டுது.

"கடிதம் வேண்டாம்" எண்டன். "எலும்பு செத்த ஆக்களின்ரது, எங்கடயில்லை. நாள் முழுக்கப் பாத்தனீங்கள். வேண்டாமெண்டால் இப்பவே, என்ர முகத்துக்கு நேர சொல்லுங்கோ."

அண்ணி என்ர கையில நுள்ளினா. அவர் எழும்பி நிண்டார். தலையில இருந்து தண்ணி வடியுது.

"எனக்கு ஓம்" எண்டார். "உங்களுக்கு?"

"அவளுக்கென்ன, நாங்கள் சொல்லுறதுதான்" எண்டு அண்ணி துவங்கினா.

"அவவைத்தான் கேட்டனான், அக்கா" எண்டார் அவர் அண்ணியைப் பாத்து, மரியாதையா.

கோயிலில ரெண்டு தரமும் இதை ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை. அண்ணை கேக்கேல்லை, அண்ணி கேக்கேல்லை. அந்தப் பெடியங்கள் ரெண்டு பேரையும் எனக்குப் பிடிச்சதோ எண்டு நானே என்னைக் கேக்கேல்லை. யோசிச்சுப் பாத்தால், ஒருத்தரையும் பிடிக்கேல்லை. பிடிக்காத ரெண்டு பேர் வேண்டாமெண்டதுக்காகவோ நான் இவ்வளவு நாளும் அழுதனான்?

நாலு பேரும் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டவை. நான் ஈரச் சீலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சுப்போட்டு, அவரைப் பாத்து, "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு" எண்டு சொன்னன்.